கம்ப்யூட்டருக்குள் புகுந்து கைவரிசை: போலீசில் புகார் கொடுப்பது எப்படி?

வீட்டுப் பூட்டை உடைத்துத் திருடினால் அடுத்த நிமிடமே போலீஸ் நிலையத்துக்கு ஓடுகிறார்கள். ஆனால் கம்ப்யூட்டருக்குள் புகுந்து திருடினால் பலர் வாயே திறப்பதில்லை. "வெளியே தெரிஞ்சா கடை பேரு கெட்டுடும்" என்று மூடி மறைத்து, சர்வீஸ் கடைக்காரரைக் கூப்பிட்டு "ஃபார்மட் அடிச்சுக் குடுங்க" என்கிறார்கள். வழக்கு செத்துப்போவது அங்கேதான். மர்ம ஆசாமி விட்டுச்சென்ற தடயமும் அதோடு போய்விடும்.

கும்பகோணம் வங்கியில் நடந்தது

கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியின் கம்ப்யூட்டருக்குள் 2018-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் மர்ம கும்பல் புகுந்தது. வெளிநாடுகளுக்குப் பணம் அனுப்பும் 'ஸ்விப்ட்' முறையில் 3 போலி உத்தரவுகள் பறந்தன. மொத்தம் சுமார் 20 லட்சம் டாலர். பணம் போன தகவல் அச்சாகி வந்துவிடக்கூடாது என்று பிரிண்டரையும் செயலிழக்க வைத்திருந்தனர்.

பிப்ரவரி 7-ந்தேதி கணக்கை சரிபார்த்தபோது குட்டு வெளிப்பட்டது. துபாய்க்குப் போன 5 லட்சம் டாலர் வழியிலேயே தடுத்து நிறுத்தப்பட்டது. மற்ற 2 தொகைகள் துருக்கி, சீனா வரை போய்விட்டன.

பெரிய வங்கிக்கே இந்த கதி என்றால் ஜவுளிக்கடை, மருந்துக்கடை, மில் ஆபீஸ் எம்மாத்திரம்? மாட்டிக்கொண்டதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தாமதம் செய்வதுதான் ஆபத்து.

பணம் போயிருந்தால் முதலில் 1930

பேங்க் கணக்கில் இருந்து பணம் போயிருந்தால் ஸ்டேஷனுக்குக் கிளம்பும் முன்பே 1930 என்ற எண்ணுக்குப் போன் போட வேண்டும். 2021-ம் ஆண்டு 155260 என்ற எண்ணில் தொடங்கிய உதவி மையம்தான் பிறகு இந்த எண்ணுக்கு மாறியது.

பணம் எந்தக் கணக்குக்குப் போனதோ, அந்த வங்கிக்கு உடனே தகவல் பறக்கும். பணம் அங்கே இருந்தால் முடக்கி வைப்பார்கள். அடுத்த கணக்குக்கு மாறியிருந்தால் அங்கும் துரத்துவார்கள். ஏ.டி.எம்.மில் எடுத்துவிட்டால் அந்தப் பணத்தை முடக்க வழியில்லை. இங்கே ஒவ்வொரு நிமிடமும் காசுதான்.

போன் செய்யும்போது கணக்கு எண், போன தொகை, தேதி, நேரம், பணப்பரிமாற்ற எண் ஆகியவை கையில் இருக்க வேண்டும். முடக்கப்பட்ட பணத்தைக் கோர்ட்டு உத்தரவு மூலம் திரும்பப் பெறலாம்.

சொந்த வங்கிக்கும் உடனே எழுத்து மூலம் தகவல் தர வேண்டும். வாடிக்கையாளர் மேலும், வங்கி மேலும் தவறில்லாமல் வேறு எங்கோ நடந்த ஊடுருவலில் பணம் போய், 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை என்று 2017-ம் ஆண்டு ஜூலை 6-ந்தேதி ரிசர்வ் வங்கி விதி வகுத்தது. ஓ.டி.பி.யை வாய்தவறிச் சொன்னவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஆனால் வங்கிக்குத் தகவல் சொன்ன பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு.

கம்ப்யூட்டரை என்ன செய்வது?

நெட் வயரைப் பிடுங்க வேண்டும். வைபையை அணைக்க வேண்டும். கம்ப்யூட்டரை ஆஃப் செய்யக்கூடாது. அதன் தற்காலிக நினைவகத்தில் இருக்கும் தடயம் மின்சாரம் போனதும் மறைந்துவிடும்.

"பைல்களைப் பூட்டிவிட்டோம், பணம் கொடு" என்று திரையில் மிரட்டல் வந்தால் அதை செல்போனில் படம் எடுக்க வேண்டும். பூட்டிய பைல்களை அழிக்கக்கூடாது. சில வகை வைரஸ்களுக்கு, ஐரோப்பிய போலீஸ் அமைப்பான யூரோபோல் பங்கேற்று 2016-ம் ஆண்டு தொடங்கிய 'நோ மோர் ரேன்சம்' இணையதளத்தில் இலவச சாவி கிடைக்கிறது. கேட்ட பணத்தைக் கொடுத்தாலும் பைல் திரும்பி வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

பாஸ்வேர்டுகளை வேறு ஒரு கம்ப்யூட்டரில் இருந்து மாற்ற வேண்டும். அதே கம்ப்யூட்டரில் மாற்றினால் புதிய பாஸ்வேர்டும் திருடன் கைக்கே போகும்.

எங்கே புகார் கொடுப்பது?

தமிழகத்தில் மாவட்டந்தோறும் சைபர் கிரைம் போலீஸ் நிலையம் இருக்கிறது. நேரில் போக முடியாதவர்கள் மத்திய அரசின் 'சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன்' தளத்தில் பதியலாம். அங்கே தரும் ஒப்புகை எண்ணைப் பத்திரப்படுத்த வேண்டும். கூகுளில் தேடிக் கிடைக்கும் 'கஸ்டமர் கேர்' எண்களை நம்பக்கூடாது. புகார் வாங்குவதாகச் சொல்லி மறுபடியும் பணத்தை அபேஸ் செய்யும் கும்பல் அதில் இருக்கிறது.

புகார் மனு நீளமாக இருக்க வேண்டியதில்லை. இவை இருந்தால் போதும்:

* எப்போது தெரிந்தது, யார் முதலில் பார்த்தது
* எந்தக் கம்ப்யூட்டர், எந்த இ-மெயில், எந்தக் கணக்கு
* என்ன போனது: பணமா, பைலா, வாடிக்கையாளர் விவரமா
* தெரிந்த பிறகு என்னென்ன செய்யப்பட்டது
* திரைப்படங்கள், வங்கி ஸ்டேட்மெண்ட், ஆதார் நகல்

மோசடி இ-மெயிலை வெறும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் போதாது. அது கிளம்பிய இடத்தைக் காட்டும் 'ஹெடர்' விவரம் மெயில் உள்ளேதான் இருக்கிறது. அதனால் அந்த மெயிலை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

திருப்பூர், கரூர் போன்ற ஏற்றுமதி ஊர்களில் உள்ளவர்கள் இதில் ரொம்ப உஷாராக இருக்க வேண்டும். மெயிலுக்குள் புகுந்து சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஆசாமி, பில் போகும் நேரம் பார்த்து "எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது" என்று வெளிநாட்டு வியாபாரிக்கு எழுதுவான். பணம் அவன் கணக்குக்குப் போய்விடும். அப்படி நடந்தால் அந்த வியாபாரி தன் வங்கியிலும், தன் ஊர் போலீசிலும் உடனே சொல்ல வேண்டும். மெயிலுக்குள் புகுந்ததற்கு இங்கே தனியாகப் புகார் தர வேண்டும்.

கம்பெனிகளுக்கு 6 மணி நேர கெடு

கம்பெனிகளுக்குப் போலீஸ் புகார் மட்டும் போதாது. ஊடுருவல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் 'செர்ட்-இன்' என்ற மத்திய அரசு அமைப்புக்கும் தெரிவிக்க வேண்டும் என்று 2022-ம் ஆண்டு ஏப்ரல் 28-ந்தேதி உத்தரவு போடப்பட்டது. கட்டணமில்லா போன் எண் 1800-11-4949. கம்ப்யூட்டர் பதிவேடுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே உத்தரவில் இருக்கிறது. தனிநபர்களுக்கு இந்த உத்தரவு பொருந்தாது.

"எங்க லிமிட் இல்லை" என்றால்?

"சம்பவம் நடந்தது வேற ஊரு" என்று சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது. 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டத்தின் 173-வது பிரிவுப்படி, குற்றம் எங்கே நடந்தாலும் எந்தப் போலீஸ் நிலையத்திலும் புகார் தரலாம். வழக்குப்பதிவு செய்தால் எப்.ஐ.ஆர். நகல் இலவசம். மனுவை மட்டும் வாங்கிக்கொண்டால் சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்காமல் வெளியே வரக்கூடாது. மறுத்தால் மாவட்ட போலீஸ் சூப்பிரண்டுக்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் பலன் இல்லை என்றால் மாஜிஸ்திரேட்டு கோர்ட்டு இருக்கிறது.

அனுமதியில்லாமல் கம்ப்யூட்டருக்குள் மோசடியாகப் புகுந்தவருக்கு தகவல் தொழில்நுட்ப சட்டம் 66-வது பிரிவுப்படி 3 ஆண்டு வரை ஜெயில் அல்லது ரூ.5 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கும். இந்தச் சட்டப்படியான வழக்கை இன்ஸ்பெக்டர் அந்தஸ்துக்குக் குறையாதவர்தான் விசாரிக்க வேண்டும். நஷ்டஈடு வேண்டுவோர் ரூ.5 கோடி வரை மாநில தகவல் தொழில்நுட்பத்துறை செயலாளரிடம் தனியாக மனு செய்யலாம்.

போன பணம் எல்லோருக்கும் திரும்பக் கிடைப்பதில்லை. ஆனால் புகார் கொடுக்காதவருக்குக் கிடைக்க வழியே இல்லை. கடை போனுக்குப் பக்கத்தில், கல்லாவுக்கு மேலே 1930 என்று பெரிதாக எழுதி ஒட்டி வைப்பது நல்லது.