மட்டாஞ்சேரியில் ஒரு பரதேசி

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரவில்லை. வீடு மாறினேன், காரணம் அதுதான். நம்புங்க.

எறணாகுளத்தில் ஆபீசுக்குப் பக்கத்திலேயே ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் மூன்று வருஷம் ஓட்டியாச்சு. நாற்பதை நெருங்கும் வயசில் சொந்தமா ஒரு அடுப்படி வேணும்னு ஆசை வந்தது. அங்கே வீட்டுக்குக் கேட்ட வாடகையில் என் சம்பளத்தில் பாதி போயிடும். ஆபீசில் ஒரு சேட்டன்தான் வழி சொன்னார். "காயலைத் தாண்டி மட்டாஞ்சேரியில் பாருங்க, பாதி வாடகைதான்." தாண்டினேன்.

ஐந்து வீடு பார்த்தேன். ஐந்திலும் முதல் கேள்வி ஒன்றேதான். "கூடெ ஆராணு?" கூட யார் என்று அர்த்தம். யாருமில்லை, நான் மட்டும்தான் என்று சொன்னதும் ஒருத்தருக்குத் திடீரென்று மாடிக்குத் தண்ணீர் ஏறாது என்று ஞாபகம் வந்தது. இன்னொருத்தருக்குத் துபாயிலிருந்து தங்கை வரப்போகிறாள். ஆறாவது வீடு செர்லாய் பக்கம், கொங்கணி பேசும் ஒரு வயதான அம்மாவுடையது. அவரும் அதே கேள்விதான் கேட்டார். ஆனால் பதிலுக்குக் காத்திருக்காமல், "போய்ப் பாரு மோளே" என்று மாடிச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்.

வீடு கிடைத்துவிட்டது. கேள்வி மட்டும் மனசை விட்டுப் போகவில்லை. மட்டாஞ்சேரியில் பாதிப் பேர் வேறெங்கிருந்தோ வந்தவர்களின் வாரிசுகள். அவங்கெல்லாம் வந்தப்போ கூட யார் இருந்தாங்க? சனி ஞாயிறுகளில் நடந்தும் படித்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். வரலாறு பிடிக்காதவர்கள் எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் :-)

முதலில் அந்த வார்த்தை. எங்க விருதுநகரில் ஒருத்தரைப் பரதேசி என்று சொன்னால் அடிதடிதான். இங்கே அது ஒரு வழிபாட்டுத் தலத்தின் பெயர். 1568-ல் கட்டப்பட்ட பரதேசி சினகாக், யூதர்களின் ஜெபாலயம். ஸ்பெயினிலிருந்து 1492-ல் துரத்தப்பட்டவர்களும், வேறு பல நாடுகளிலிருந்து வந்தவர்களும் சேர்ந்து கட்டியது. பரதேசி என்றால் இங்கே வெளிநாட்டிலிருந்து வந்தவன், அவ்வளவுதான். திட்டு கிடையாது. சொல்லப்போனால் அது ஒரு அந்தஸ்து. (அடுத்த முறை யாராவது திட்டினால் தேங்க்ஸ் சொல்லப் போகிறேன்.)

கொச்சிக்கு ஏன் இத்தனை பேர் வந்தார்கள்? 1341-ல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் கொடுங்கல்லூர்ப் பக்கத்துப் பழைய துறைமுகத்தை மண்மூடிப் போகச் செய்து, கொச்சியின் முகத்துவாரத்தைத் திறந்துவிட்டது என்பார்கள். துறைமுகம் வந்த இடத்துக்கு வியாபாரம் வந்தது, வியாபாரத்துக்குப் பின்னால் ராஜா வந்தார். 1500-ல் போர்த்துகீசியர், 1663-ல் டச்சுக்காரர், 1795-ல் ஆங்கிலேயர். கடலோரக் கோட்டைப் பகுதி இவர்கள் கைக்குப் போனது. ராஜா கொஞ்சம் உள்ளே தள்ளி மட்டாஞ்சேரியில் இருந்தார். இப்போது டச்சு அரண்மனை என்று டிக்கெட் கொடுத்துக் காட்டுகிறார்களே, அதை 1555 வாக்கில் ராஜாவுக்குக் கட்டிக்கொடுத்தவர்கள் போர்த்துகீசியர்கள். டச்சுக்காரர்கள் ரிப்பேர் மட்டும்தான் பார்த்தார்கள். பெயர் மட்டும் அவர்களுக்கு!

அந்த அரண்மனையை ஒட்டித்தான் யூதத் தெரு. கொடுங்கல்லூரில் இருந்த யூதக் குடியிருப்பு 16ஆம் நூற்றாண்டில் தாக்குதல்களால் அழிந்தபோது, கொச்சி ராஜா தன் அரண்மனைக்குப் பக்கத்திலேயே இடம் கொடுத்தார். அரண்மனை வளாகத்துக் கோவிலுக்கும் சினகாக்குக்கும் நடுவே ஒரு சுவர்தான். 1662-ல் போர்த்துகீசியர்கள் சினகாக்குக்குத் தீ வைத்தார்கள். அடுத்த வருஷம் டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்த பிறகுதான் அது சீரமைக்கப்பட்டது. இன்று நாம் பார்க்கும் மணிக்கூண்டு 1760-ல் எசக்கியேல் ரஹாபி என்ற யூத வணிகர் கட்டியது. டச்சுக் கம்பெனிக்கு மிளகு பேசி முடித்துக் கொடுத்தவர் அவர்.

கொங்கணிகள் கதையும் கிட்டத்தட்ட இதேதான். 1560-ல் கோவாவில் போர்த்துகீசியர்களின் மத விசாரணை மன்றம் வந்தது. கௌட சாரஸ்வதர்கள் கூட்டம் கூட்டமாகத் தெற்கே இறங்கினார்கள். கொச்சி ராஜா செர்லாய் பகுதியில் இடம் கொடுத்தார். வெங்கடாசலபதிக்குக் கோவில் கட்டினார்கள், இன்றைய திருமலை தேவஸ்வம் அதுதான். 1627-ல் தங்கள் குடியிருப்பின் விவகாரங்களைத் தாங்களே தீர்த்துக்கொள்ளும் உரிமையும் கிடைத்தது. டச்சு கவர்னர் வான் ரீடு மலபார் தாவரங்களைப் பற்றி 12 தொகுதிகளில் 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' வெளியிட்டாரே (1678 முதல் 1693 வரை), அதில் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரோடு சேர்ந்து உழைத்தவர்கள் ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற மூன்று கொங்கணி வைத்தியர்கள். அகதிகளாக வந்து நூற்றுச் சொச்சம் வருஷத்தில் ஊரின் அறிவாளிகளாகிவிட்டார்கள்.

பிறகு குஜராத்திகள், கட்சி மேமன்கள், ஜைனர்கள். மிளகு, சுக்கு, தேங்காய் எண்ணெய் வியாபாரம். குஜராத்தி ரோட்டில் இன்றும் அவர்கள் பள்ளிக்கூடமும் கோவிலும் இருக்கின்றன. விருதுநகரில் ஒரு மளிகை மண்டியில் கணக்கெழுதியவர் என் அப்பா. மிளகு விலை பேசும்போதெல்லாம் "கொச்சியில என்ன விலை?" என்றுதான் போனில் கேட்பார்கள். அந்தக் 'கொச்சி' இந்த பசார் ரோடுதான் என்று இங்கே வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

நம்ம ஆளுங்க? இருக்கிறார்கள். ஃபோர்ட் கொச்சி வெளி மைதானத்தின் பக்கம் தோபி கானா என்று ஒரு இடம். டச்சுக்காரர்கள் தங்கள் சிப்பாய்களின் துணி வெளுக்கத் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து வண்ணார் குடும்பங்களைக் கொண்டுவந்தார்கள் என்பது அங்கே வழிவழியாகச் சொல்லப்படும் கதை. குளங்களில் வெளுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு 1976-ல் நகர வளர்ச்சி ஆணையம் ஒரு பொதுக்கூடம் கட்டிக் கொடுத்தது. குடும்பத்துக்கு ஒரு துவைக்கும் தொட்டி. கொடியில் கிளிப் கிடையாது. முறுக்கிய கயிற்றின் இடுக்கில் துணியின் முனையைச் செருகிவிடுகிறார்கள், காற்றில் அசையாது. நான் என் காட்டன் சேலைகளை அங்கேதான் கொடுக்கிறேன். தமிழில் கணக்குச் சொல்லி வாங்கிக்கொள்கிறார்கள்.

ஒரு வேடிக்கை. பிரிட்டிஷ் காலத்தில் மட்டாஞ்சேரி கொச்சி ராஜாவுடையது. ஒரு நடை தூரத்தில் இருக்கும் ஃபோர்ட் கொச்சியோ சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. ஆக, என்னைப் போல வேறு மாநிலத்துக்கு வந்த கணக்கில் அந்த வண்ணார் குடும்பங்கள் அப்போது வரவே வராது :-)

இந்தக் கதைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. யாரும் தனியாக வரவில்லை. குடும்பம், சாதி, மொழி, சாமி, தொழில் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "கூடெ ஆராணு" என்று ராஜா கேட்டிருந்தால் அவர்களிடம் நீளமான பதில் இருந்திருக்கும். ராஜா கொடுத்த இடமும் சும்மா கொடுத்ததில்லை. வியாபாரம் தெரிந்தவர்கள், வரி வரும், கடன் கிடைக்கும். அந்தக் கணக்கு இடித்தபோது என்ன ஆனது? 1791-ல் சக்தன் தம்புரானுக்கும் கொங்கணி வணிகர்களுக்கும் மோதல் முற்றியது. அவர்கள் தலைவர் தேவரேச கிணி கொல்லப்பட்டார், கோவில் சூறையாடப்பட்டது. தெய்வத்தைத் தூக்கிக்கொண்டு திருவிதாங்கூருக்கு ஓடினார்கள். அந்த விக்கிரகம் மட்டாஞ்சேரிக்குத் திரும்பியது 19ஆம் நூற்றாண்டின் நடுவில். வீட்டுக்கார அம்மாவிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "வாடகை வீடுதானே மோளே, எல்லாருக்கும்" என்றார்.

இடம் கிடைத்தவர்களும் ஒன்றும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பரதேசி யூதர்கள், தங்களிடம் அடிமைகளாக இருந்து விடுவிக்கப்பட்டவர்களின் வம்சத்தாரை சினகாக்குக்குள் சமமாக உட்கார விடவில்லை. முன் அறையில்தான் இடம். அந்தக் குடும்பத்தில் 1882-ல் பிறந்த ஏ.பி. சேலம் படித்து வக்கீலானார். காங்கிரஸ்காரர், தொழிற்சங்கம் கட்டியவர். காந்தி வழியில் சினகாக்கிலேயே சத்தியாகிரகம் செய்து அந்த வழக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்தார். துரத்தப்பட்டு வந்தவர்களே வாசலை மறித்து நின்றதும் இந்த ஊர்க் கதைதான். 1950களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேல் போய்விட்டார்கள். சேலம் போகவில்லை, 1967-ல் இங்கேயே காலமானார். தெருவில் எம்பிராய்டரி கடை வைத்திருந்த சாரா கோஹன் பாட்டி 2019-ல் 96 வயதில் காலமானார். இப்போது அந்தத் தெருக் கடைகள் பலவற்றில் இருப்பவர்கள் காஷ்மீரிகள்.

சரி, வாடகை ஏன் குறைவு? அதற்கும் ஒரு வரலாறு இருக்கு. கொச்சி முகத்துவாரத்தில் ஒரு மணல் திட்டு குறுக்கே கிடந்தது. பெரிய கப்பல்கள் வெளிக்கடலில் நிற்கும், சரக்கு படகுகளில் மட்டாஞ்சேரி வரும். 1920-ல் சென்னை அரசு அனுப்பிய ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் அந்தத் திட்டை வெட்டினார். தோண்டிய மண்ணைக் கொட்டி வில்லிங்டன் தீவை உருவாக்கினார். 1928-ல் கப்பல் உள்ளேயே வந்துவிட்டது. கொச்சிக்கு நல்ல காலம், மட்டாஞ்சேரிக்கு மெதுவாக இறங்குமுகம். துறைமுக வேலைகள் தீவுக்கும், ஆபீசுகள் எறணாகுளத்துக்கும் நகர்ந்தன. கிட்டங்கிகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. நான் கொடுக்கும் பாதி வாடகையில் மீதிப் பாதி அப்படிப் போனதுதான்.

அப்போ, தனியாக யாருமே வரவில்லையா? வந்தார்கள். அவர்கள் பெயரில் தெரு இல்லை. துறைமுகத்தில் கூலி வேலை தேடி வந்தவர்கள். அங்கே சாப்பா என்று ஒரு முறை இருந்தது. காலையில் கூடி நிற்கும் கூட்டத்தின் மேல் மூப்பன் உலோகத் துண்டுகளை எறிவான். பாய்ந்து பிடித்தவனுக்கு அன்று வேலை, மற்றவனுக்குப் பட்டினி. பிடித்துவைத்ததைப் பக்கத்தில் இருப்பவன் பிடுங்கிக்கொள்வான், மண்டை உடையும். தனியாளாக நிற்பவனை இன்னொரு தனியாளோடு மோதவிடுவதுதான் அந்த முறையின் சூட்சுமமே. இதை எதிர்த்து சங்கம் வைத்துப் போராடினார்கள். 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது. அந்தப் போராட்டத்தில் சைது, சைதலவி, ஆண்டனி என்று மூன்று தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். 2023-ல் வந்த ராஜீவ் ரவியின் 'துறமுகம்' படம் இந்தக் கதைதான், பாருங்க.

எனக்கு இதில் ஒன்று பட்டது. கூட்டமாக வந்தவர்களுக்கு ராஜா இடம் கொடுத்தார். தனியாக வந்தவர்கள் பக்கத்தில் நிற்பவனைக் கூட்டாளியாக்கிக்கொண்ட பிறகுதான் அவர்களுக்கு ஊரில் ஒரு இடம் கிடைத்தது. சும்மா கிடைக்கவில்லை, உயிரைக் கொடுத்துக் கிடைத்தது. வாடகை கட்டினால் வீடு கிடைக்கும். "கூடெ ஆராணு" என்பதற்குப் பதிலை இங்கே வந்த பிறகு நாமேதான் தேடிக்கொள்ள வேண்டும்.

வந்து எட்டு மாசமாகிறது. அம்மா போனில் இன்னமும் "தனியாவா இருக்க?" என்று கேட்கிறாள். இல்லை என்கிறேன். கீழே அந்தக் கொங்கணி அம்மா இருக்கிறார், வெயில் அடித்தால் அவர் அப்பளத்தை மொட்டைமாடியில் காயவைப்பது என் வேலை. தோபி கானாவில் ஒரு அண்ணாச்சி "இந்த வாரம் ஏன் ரெண்டே சேலை, ஊருக்குப் போயிருந்தீகளா?" என்று விசாரிக்கிறார். காலைப் படகில் தினமும் எனக்கு இடம் பிடித்து வைக்கும் ஒரு டீச்சர் இருக்கிறார்.

போன வாரம் எதிர்வீட்டு வாசலில் ஒரு பெண், கையில் பையோடு நின்றாள். ஒடிசாக்காரி, ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார், "கூடெ ஆராணு?" அவள் முழித்தாள். நான் மாடியிலிருந்து இறங்கிப் போய், "நான் இருக்கேன் சேட்டா, எதிர்வீடுதானே" என்றேன், என் அரைகுறை மலையாளத்தில். என்னை மேலும் கீழும் பார்த்தார். யோசித்து ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்றார்.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை.