அச்சுவேலித் தொழிற்பேட்டையும் மண்ணெண்ணெய்க் கால மெக்கானிக்கும்

வடபகுதியின் தொழில் வரலாற்றை எழுத முனைவோர், காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, அச்சுவேலித் தொழிற்பேட்டை என்று கட்டடங்களையே வரிசைப்படுத்துவது வழக்கம். அக்கட்டடங்களுக்குள் நின்றவர்கள் தமது வேலையை நாளுக்கு நாள் எவ்வாறு திருத்திக்கொண்டார்கள் என்பதை எழுதியோர் அரிது.

அச்சுவேலித் தொழிற்பேட்டை போருக்கு முன்னர் சிறுகைத்தொழில்களின் நிலைக்களமாக விளங்கியது. போரில் முடங்கியது. இந்திய அரசின் நிதியுதவியுடன் சீரமைக்கப்பட்டு 2014இல் மீண்டும் திறக்கப்பட்டது. கூரையும் வீதியும் மின்கம்பமும் திரும்பக் கிடைத்தன. ஒரே பட்டறையில் இருபது ஆண்டுகள் நின்றவனின் கையில் ஊறியிருந்த அறிவை எந்த நிதியுதவியால் திருப்பித் தருவது?

தொழிற்பேட்டைகள் ஓய்ந்த காலத்தில் அந்த அறிவு தெருவோரக் கராஜ்களில் உயிர்வாழ்ந்தது. 1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பெற்றோல், பற்றரி, உதிரிப்பாகம் யாவும் பொருளாதாரத் தடைக்குள் அகப்பட்டன. எஞ்சியது மண்ணெண்ணெய், அதுவும் யானை விலையில். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது; ஆகவே வண்டி கிளம்பாது. எம்மவர் என்ன செய்தார்கள்? சில துளி பெற்றோலைக் காபுரேற்றருக்குள் ஊட்டி எஞ்சினை இயக்கினார்கள். அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அந்தத் துளிகளைப் பீச்சும் சிறு கருவிக்குச் 'சூப்பி' என்று பெயர். ஒரு கராஜில் கண்ட உத்தியை அடுத்த கராஜ் சற்றுத் திருத்தியது; அதை மூன்றாமவர் மேலும் திருத்தினார். புகையும் நாற்றமும் இருந்தன, உண்மைதான். ஆனாலும் வண்டிகள் ஓடின.

வீடுகளில் ஜாம் போத்தல் விளக்கு வந்தது. அடியில் சிறிது பஞ்சு, அதில் ஊறிய ஓரிரு கரண்டி மண்ணெண்ணெய், மெல்லிய திரி. போத்தலே காற்றைத் தடுக்கும் சிமினி. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைச் சுற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். எமது தொழிலும் விதிவிலக்கல்ல. அச்சுத்தாள் கிடைக்காதபோது 'உதயன்' அப்பியாசக் கொப்பிக்குரிய கோடிட்ட தாளிலும் வெளிவந்தது. (செய்தியைச் சுருக்கி எழுதும் கலையைத் தாள் பஞ்சத்தைவிடச் சிறப்பாக எந்த ஆசிரியரும் கற்பித்ததில்லை.)

தட்டுப்பாட்டில் கற்றவர்கள் நாம் மட்டுமல்லர். இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கா 1940இல் தொழிற்சாலைக்குள்ளேயே பயிற்சி அளிக்கும் திட்டமொன்றைத் தொடங்கியது. கையிலுள்ள ஆளையும் இயந்திரத்தையும் பொருளையும் கொண்டே வேலைமுறையைத் திருத்துவது எவ்வாறு என்பது அதன் பாடங்களுள் ஒன்று. போர் முடிந்ததும் அமெரிக்கா அதைக் கைவிட்டது. தோற்ற யப்பான் எடுத்துக்கொண்டது. ரொயோட்டா நிறுவனம் 1950இல் வேலைநிறுத்தத்திலும் கடனிலும் தத்தளித்தது. அவ்வாண்டில் ஃபோர்ட் தொழிற்சாலையைப் பார்வையிடச் சென்ற எய்ஜி தொயோதா, தொழிலாளர் யோசனை கூறும் முறையை அங்கே கண்டார். 1951இல் தமது நிறுவனத்தில் அதை ஏற்படுத்தினார்கள். அதில் பெரிய விந்தை எதுவுமில்லை. இயந்திரத்தருகே நிற்பவனிடம் கேட்டார்கள். அவன் சொன்னதை எழுதினார்கள். பயன் தந்தால் அதையே எல்லோருக்கும் முறையாக்கினார்கள். அடுத்த திருத்தம் அந்த முறையிலிருந்து தொடங்கியது. பின்னாளில் 'கைசென்' என்று உலகம் கொண்டாடியது பெரும்பாலும் இதைத்தான்.

யாழ்ப்பாணத்து மெக்கானிக் கண்டுபிடிப்பதில் யப்பானியனுக்குக் குறைந்தவனல்லன் என்பது எனது துணிபு. அவனிடம் எழுதச் சொன்னவர் எவருமில்லை. திருத்தங்கள் வாய்மொழியாகவே பரவின. 1995 ஒக்ரோபரில் வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, கராஜ்களும் பயிலுநர்களும் சிதறினர். பலர் வன்னிக்கும், சிலர் கடல்கடந்தும் சென்றனர். பின்னர் எரிபொருள் வந்தது. காபுரேற்றர்கள் பழைய நிலைக்குத் திரும்பின. சூப்பி தேவையற்றுப் போனதில் வருத்தமில்லை. அதை உருவாக்கிய மனப்பழக்கமும் அதனுடனேயே குப்பைக்குப் போனதுதான் இழப்பு.

இன்று அச்சுவேலித் தொழிற்பேட்டைக்குள் வேலைக்குச் சேரும் இளைஞருக்கு மண்ணெண்ணெயில் ஓடிய கார் ஒரு வேடிக்கைக் கதை. அதை ஓட்டிக் காட்டியவர்களுக்கு வயதாகிவிட்டது. கேட்டு எழுதிவைக்க இனி அதிக காலமில்லை.