பிள்ளைகளுக்கு ருசி காட்டிப் பழக்குவோம்: புதிய உணவும் பாக்கெட் உணவும்

ஏரலைச் சுற்றி தாமிரபரணிப் பாசனத்தில் வாழைத் தோட்டங்கள் இருக்கின்றன. தெற்கே புவிசார் குறியீடு பெற்ற கருப்பட்டிக்குப் பேர்போன உடன்குடி. கிழக்கே கடலும் மீனும். ஆனாலும் மதரஸா விட்டு வரும் நம் பிள்ளைகள் கடை வாசலில் தொங்கும் பாக்கெட்டைத்தான் கேட்கிறார்கள். "அது கெடுதல்" என்று மட்டும் சொன்னால் அவர்கள் காதில் ஏறாது. வித்தியாசத்தை அவர்கள் நாக்கே அறியவேண்டும்.

பிரான்சில் 1970களில் ஜாக் ப்யூசே என்பவர் பள்ளிப் பிள்ளைகளுக்காகச் 'சுவை வகுப்பு'களைத் தொடங்கினார். பார்த்து, முகர்ந்து, தொட்டு, மென்று உணவை அறிவதே அதன் முறை. இதை நம் வீட்டிலும் செய்யலாம்.

மூன்று வகைகளைப் புரிந்துகொள்வோம்

1. புதியது: பழம், காய், மீன், முட்டை, பதநீர்.
2. பக்குவப்படுத்தியது: பதநீரைக் காய்ச்சிய கருப்பட்டி, மீனை உப்பிட்டு உலர்த்திய கருவாடு, பாலில் உறைந்த தயிர். இவற்றை ஒதுக்கவேண்டியதில்லை. இனிப்பிலும் உப்பிலும் அளவு தேவை.
3. ஆலையில் மிகையாகப் பதப்படுத்தியது: செயற்கை நிறம், மணமூட்டி சேர்த்த பானம், நொறுக்குத் தீனி, மிட்டாய்.

வீட்டில் செய்யும் முறை

பிள்ளைக்குப் பசி இருக்கும் நேரத்தில், பிஸ்மி சொல்லித் தொடங்குவோம். ஒரே பொருளின் இரண்டு வடிவங்களைச் சிறிதளவு வைப்போம்: மாம்பழத் துண்டும் பாக்கெட் மாம்பழ பானமும், அவித்த உருளைக்கிழங்கும் பாக்கெட் சிப்ஸும். "எதில் மணம் அதிகம்? எது நாக்கில் ஒட்டுகிறது? எதைத் தின்றபின் தாகம் எடுக்கிறது?" என்று கேட்போம். பதிலை நாம் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

அடுத்து லேபிளைப் பார்ப்போம். சேர்மானங்களில் எடை அதிகமானதே முதலில் இருக்கும். 100 மில்லிக்கு 12 கிராம் சர்க்கரை என்றிருந்தால், 150 மில்லி பாக்கெட்டில் 18 கிராம். ஏறக்குறைய 4 டீஸ்பூன். அதைப் பிள்ளையின் கையாலேயே ஒரு கிளாஸில் அள்ளிப் போடச் சொல்வோம். கண்ணால் கண்டது மறக்காது. சேர்க்கப்படும் சர்க்கரை, ஒரு நாளின் மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு பரிந்துரை. பிள்ளைகளுக்கும் அதுவே.

கவனிக்க வேண்டியவை

* வற்புறுத்த வேண்டாம். புதிய உணவு ஒன்று பிடித்துப்போக எட்டு, பத்து முறைகூட ருசி பார்க்க வேண்டியிருக்கலாம்.
* பிடிக்காவிட்டால் குறை சொல்லாமல் வைத்துவிடப் பழக்குவோம். உணவைக் குறை கூறாதிருப்பது நபிவழி.
* சிறு பிள்ளைகளுக்கு முழுக் கடலை, முழுத் திராட்சை தரவேண்டாம், தொண்டையில் சிக்கலாம். ஒவ்வாமை உள்ள உணவையும் தவிர்ப்போம்.
* வாப்பாவும் உம்மாவும் கூடவே ருசி பார்க்கவேண்டும். நாம் தின்பதைத்தான் பிள்ளைகள் தின்பார்கள்.

பாக்கெட்டை அடியோடு தடுப்பது கடினம். வாரம் ஒரு நாள் இப்படிச் செய்து வந்தால், கடை வாசலில் நின்று யோசிக்கும் பிள்ளையாக வளரும், இன்ஷா அல்லாஹ்.