கோருதல் என்னும் சொல்லும் யாழ்ப்பாணத்து அரசியலும்

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பு மாணவனொருவன், ‘மூன்று நாள் விடுமுறை கோருகின்றேன்’ என்னும் வாக்கியத்தை ஆங்கிலத்திற் பெயர்க்குங்கால், ‘டிமாண்ட்’ என்னும் வினையைப் பெய்து எழுதியிருந்தான். அகராதியைப் பார்த்தே எழுதினேன் என்றான். அகராதியும் அவன் பக்கமே நின்றது. அவ்வாறு எழுதிய கடிதமொன்று அதிபர் கையிற் சேருமாயின் விடுமுறை கிடைப்பது ஐயமே என்று கூறித் திருத்தினேன். எனினும் அப்பிழை என் நெஞ்சை விட்டகலவில்லை. பள்ளிச் சிறுவன் செய்த அதே மயக்கம் நம் நாட்டு அரசியலிலும் ஓரளவு இடம்பெற்றதோ என்னும் எண்ணமே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

ஆங்கிலத்தில் ஒன்றைப் பிறரிடம் கேட்டற்குரிய சொற்கள் பல. அவை பெரும்பாலும் இலத்தீன் வழி வந்தவை. ‘ரிக்குவெஸ்ட்’, ‘ரிக்குவயர்’ என்னும் இரண்டும் ஒரே வேரின. அவ்வேர் தேடுதற் பொருட்டு. பண்டை ஆங்கிலேயர் பணிந்து வேண்டுதற்கும் ‘ரிக்குவயர்’ என்றனர். இன்று அஃது அரசாங்கக் கடிதங்களில் ஆணையாய் விளங்குகின்றது. ‘இன்சிஸ்ட்’ என்பது ஒன்றன்மேல் ஊன்றி நிற்றல். ‘பெட்டிசன்’ என்பதன் மூலவினைக்கு நாடிச் செல்லுதல் என்பதோடு பாய்ந்து தாக்குதல் என்னும் பொருளும் உண்டு. ‘டிமாண்ட்’ என்பதன் கதை இன்னும் விந்தையானது. இலத்தீனில் ஒப்படைத்தலைக் குறித்த அச்சொல், பிரெஞ்சு மொழியில் வெறுங் கேட்டலைக் குறிப்பதாயிற்று. இன்றும் அங்கே அப்பொருளிலேயே வழங்குகின்றது. ஆங்கிலத்திலோ கடன் கொடுத்தவன் கடன்பட்டவனைக் கேட்கும் சொல்லாக, தனக்குரியதைத் தன் உரிமையென்று கேட்போன் சொல்லாக, அது கடுமை பெற்றது. 1628ஆம் ஆண்டில் ஆங்கிலப் பாராளுமன்றம் தன் உடன்பாடின்றி வரி விதித்தல் ஆகாது, காரணங் காட்டாது சிறையிடுதல் ஆகாது என முதலாம் சாள்சு மன்னனைக் கட்டுப்படுத்தியபோதும், அவ்வாவணத்துக்குப் பெட்டிசன் என்றே பெயரிட்டது. பொருள் உரிமை, போர்வை விண்ணப்பம்.

இனி, தமிழ் நூலோர் இதனை எங்ஙனம் கண்டனர் என நோக்குவாம். ஈ, தா, கொடு என்னும் மூன்றும் இரத்தற்கண் வருஞ் சொற்கள் என்றும், அவற்றுள் ‘ஈ’ என்பது இழிந்தோன் கூற்று, ‘தா’ என்பது ஒப்போன் கூற்று, ‘கொடு’ என்பது உயர்ந்தோன் கூற்று என்றும் தொல்காப்பியர் சொல்லதிகாரத்து எச்சவியலில் வகுத்தார். நன்னூலாரும் அவ்வாறே கொண்டார். இவ்வளவு மாணவர் யாவரும் அறிந்ததே. அதனையடுத்து ஆசிரியர் கூறுவதே என் உள்ளத்தைக் கவர்ந்தது. ‘கொடு’ என்பது இயல்பிற் படர்க்கைக்குரிய சொல். பிறனொருவனுக்குக் கொடு என்றற்கே அமைந்தது. உயர்ந்தோன் தனக்கு ஒன்று கேட்குமிடத்துத் தன்னையே பிறன்போற் கூறும் குறிப்பினால் அச்சொல்லைத் தன்மைக்கண் ஆளுகின்றான் என்பர். அஃதாவது, ஏற்கும் நிலையிலும் கை நீட்டுவோன் தானல்லன் என்னும் பாவனை! சுன்னாகம் திருமகள் அழுத்தகத்தில் 1938இல் வெளிவந்த புன்னாலைக்கட்டுவன் கணேசையரின் உரைவிளக்கப் பதிப்பினை வைத்துக்கொண்டு இப்பகுதியைப் படித்த இரவு, மனிதர்தம் மானத்தை இலக்கணமாக்கிய அவ்வாசிரியரை வியந்து நெடுநேரம் இருந்தேன்.

இம்மூன்றன் வேறுபாடு வழக்கில் மறைந்துவிட்டது. யாழ்ப்பாணத்துப் பேச்சிலே ‘தா’ ஒன்றே நின்று, ‘தா’, ‘தாரும்’, ‘தாங்கோ’ என ஈற்றினால் மதிப்பினைக் காட்டுகின்றது. எழுத்து வழக்கிலோ வேண்டுதல், கேட்டல், கோருதல் என்பவை அவற்றின் இடத்தைப் பெற்றன. இவை தரங் காட்டாதவை. கந்தசுவாமியாரை வேண்டுவதும் வேண்டுதல். ‘கட்டாயம் செய்தல் வேண்டும்’ என்னும் விதியும் அதே வினை. கேட்டல் என்பது செவிமடுத்தலுக்கும் பெயர். விடுமுறையையும் கோரலாம், நாட்டையும் கோரலாம். ‘டிமாண்ட்’ என்பதற்கும் ‘ரிக்குவெஸ்ட்’ என்பதற்கும் தமிழ்ப் பத்திரிகைகள் ‘கோரிக்கை’ என்னும் ஒரு சொல்லையே பெய்து வந்தன. சிங்களத்திலும் ‘இல்லீம’ என்னும் ஒரு சொல்லே இரண்டிற்கும் வழங்குவது கருதத்தக்கது.

ஆங்கில ஆட்சியின் முதல் நூறாண்டும் ‘ஈ’ என்னும் சொல்லின் காலம். தேசாதிபதிக்கோ குடியேற்ற நாட்டு மந்திரிக்கோ எழுதப்படும் மனு, எழுதுவோர் என்றென்றும் இறைவனைப் பிரார்த்திக்கக் கடமைப்பட்டவர் என்னும் வாய்பாட்டோடு முடிதல் மரபு. நம்மூரார் அதனைப் ‘பெட்டிசம்’ எனத் தமதாக்கிக்கொண்டனர்.

‘தா’ என ஒப்போர் ஒருவரையொருவர் கேட்ட காலமும் ஒன்றுண்டு. அது மிகக் குறுகியது. 1918 டிசம்பரில் ஜேம்ஸ் பீரிஸ், ஈ. ஜே. சமரவிக்கிரம ஆகிய இருவரும், மேல் மாகாணத்திலே தமிழருக்கு ஓர் ஆசனம் ஒதுக்கப்படுவதை ஆதரிப்பதாக யாழ்ப்பாணச் சங்கத்துச் சபாபதி அவர்களுக்கு எழுத்தில் உறுதியளித்தனர். அதனை நம்பியே தமிழர் 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரசிற் சேர்ந்தனர்; சேர். பொன். அருணாசலம் அதன் முதற் தலைவரானார். ஈராண்டினுள் அவ்வுறுதி கைவிடப்பட்டது. அருணாசலம் காங்கிரசினின்றும் விலகி, 1924 சனவரியிற் காலமானார். நண்பனிடம் ‘தா’ எனக் கேட்டுப் பெறாது மீண்டவன் இரண்டாம் முறை அச்சொல்லைச் சொல்லத் தயங்குவான்.

அதே 1924இல் தோன்றிய மாணவர் காங்கிரஸ், பின்னர் வாலிபர் காங்கிரஸ், இம்மூன்று சொல்லுக்கும் அடங்காதது. ஹன்டி பேரின்பநாயகம் முதலியோர் 1927 நவம்பரிலே காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்தனர். 1931இல் டொனமூர் அரசியற்றிட்டம் முழுச் சுயராச்சியம் அன்று என அவர்கள் தேர்தலைப் பகிஷ்கரித்தபோது, யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளுக்கும் ஒருவரேனும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்திலர். 1934 வரை அரசாங்க சபையில் அந்நான்கு ஆசனங்களும் வெறுமையாய்க் கிடந்தன. தருவதை ஏலோம் என்பது அவர்தம் நிலை. அதனாற் கண்ட பயன் யாது எனக் கேட்போர் இன்றும் உளர். கேள்வி நியாயமானதே, ஆயினும் தமிழர்க்கெனத் தனியே ஒன்றும் கேளாது நாட்டுக்கு முழுமையும் கேட்டவர் அவ்விளைஞர் என்பதை மறத்தலாகாது.

1934இல் பருத்தித்துறையினின்றும் சபை புகுந்த ஜி. ஜி. பொன்னம்பலம், 1944இல் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசை நிறுவினார். அடுத்து வந்த சோல்பரி ஆணைக்குழு முன்னிலையில், பெரும்பான்மையோர்க்கு ஐம்பது, ஏனைச் சிறுபான்மையோர் அனைவர்க்கும் ஐம்பது எனப் பல மணி நேரம் வாதாடினார். ஈண்டுத்தான் தொல்காப்பியர் கூறிய ‘கொடு’ முழு உருவிற் காணப்படுகின்றது. எனக்குத் தா என்றாரல்லர். சிறுபான்மையினர்க்குக் கொடு எனப் படர்க்கையிற் கூறினார். மக்கள் சார்பிற் பேசும் எத்தலைவனும் தன்னைப் பிறன்போற் கூறுவோனே. ஆயின் ‘கொடு’ என்றற்குச் சொல்வோன் உயர்ந்தோனாதல் வேண்டும். கேட்போனும் அங்ஙனம் ஒப்புதல் வேண்டும். தமிழ் மகன் ‘ஐம்பதுக்கு ஐம்பது கோரிக்கை’ எனப் படித்தபோது நியாயமான வேண்டுகோள் ஒன்றையே அதிற் கண்டிருப்பான். அதனை ஆங்கிலத்தில் ‘டிமாண்ட்’ எனப் படித்த கொழும்பார் கடன்காரன் குரலைக் கேட்டிருப்பர். ஆணைக்குழு அதனை ஏற்கவில்லை. அதற்குச் சொல்லே காரணம் என்பேனாயின் அது பேதைமை. எண்ணிக்கைக் கணக்கே தலையாய தடை. எனினும், இரு தாய்மொழிகளிலும் மென்மையாய் நின்ற ஒரு கருத்து, தலைவர்கள் தமக்குள் வழங்கிய மூன்றாவது மொழியிற் புகுந்து கூர்மை பெற்றதென்பது என் துணிபு.

1956 ஆகஸ்டில் தமிழரசுக் கட்சி திருகோணமலையிற் கூடி, நான்கு கோரிக்கைகளை முன்வைத்து ஓராண்டுத் தவணையும் குறித்தது. தவணை முடியுமுன், 1957 யூலை 26இல், பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தம் உருவாயிற்று; குறித்த சத்தியாக்கிரகம் கைவிடப்பட்டது. 1958 ஏப்ரலில் ஒப்பந்தமும் கிழிபட்டது. ‘சத்தியாக்கிரகம்’ என்னும் சொல்லிலே ‘ஆக்கிரகம்’ என்பது விடாப்பிடி. ‘இன்சிஸ்ட்’ என்பதற்கு இதனினும் நெருங்கிய சொல் நம்மிடம் இல்லை. ஆங்கிலச் சொல் ஊன்றி நிற்கின்றது. 1961 பெப்ரவரி 20இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலில் நம்மவர் ஊன்றி அமர்ந்தனர். ஏப்ரல் 14இல் தமிழரசுத் தபாற் சேவையைச் செல்வநாயகம் தொடக்கிவைத்தார். தாமே அச்சிட்ட முத்திரைகளை மக்களுக்கு விற்றனர். மூன்றாம் நாள் அவசரகாலச் சட்டம் வந்தது, தலைவர்கள் சிறைப்பட்டனர். பெட்டிசம் கொண்டுபோய் நின்ற அதே கச்சேரி வாயிலில், அத்தபாற் சேவை நடந்த சில நாட்களும், எவரிடமும் எதனையும் கேளாத நாட்களாயிருந்தன.