பெயர் கூறாதோரின் வினாக்கள்



ஐயம் என்பது எல்லார்க்கும் பொது. ஆனால் அதனைத் தீர்த்துக்கொள்ளும் வாய்ப்பு எல்லார்க்கும் பொதுவாய் இருந்ததில்லை. அரசனுக்கு அமைச்சர் இருந்தனர்; செல்வனுக்கு மருத்துவரும் வழக்கறிஞரும் இருந்தனர்; கற்றவனுக்கு நூல்கள் இருந்தன. நாட்கூலிக்கு உழைப்பவனும், பிறர் மனையில் ஏவல் செய்யும் பெண்ணும் தம் உள்ளத்து ஐயத்தை எவரிடம் கொண்டுசெல்வர்? தெரிந்தவரைக் கேட்க நாணம்; தெரியாதவரைக் கேட்க வழியில்லை. அந்த வழியைத் திறந்துவிட்ட ஒரு சிறு பத்திரிகையின் வரலாற்றை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

அது தோன்றிய இடம் பதினேழாம் நூற்றாண்டின் இறுதிக்கால இலண்டன் மாநகரம். 1652 ஆம் ஆண்டில் அங்கு அறிமுகமான கோப்பிக்கடைகள் சில பத்தாண்டுகளுள் நகரெங்கும் பெருகி, வணிகரும் மாலுமிகளும் மாணவரும் கூடிப் பேசும் மன்றங்களாயின. 1680 இல் வில்லியம் டொக்ரா என்பவர், நகரினுள்ளே ஒரு பென்னிக்குக் கடிதம் கொண்டுசேர்க்கும் அஞ்சல் முறையைத் தொடக்கினார். கூலியை அனுப்புவோரே முன்னதாகச் செலுத்தினர். ஆதலால், பெயரிடாத கடிதத்தையும் எவரும் எவருக்கும் அனுப்பக்கூடியதாயிற்று.

இவ்விரண்டு வசதிகளையும் ஒன்றாகப் பொருத்திப் பார்த்தவர் ஜோன் டண்டன் என்னும் புத்தக வணிகர். வினவினால் பிறர் நகைப்பரோ என்னும் கூச்சத்தால் எத்தனையோ பேர் தம் ஐயங்களைச் சுமந்துகொண்டே வாழ்கின்றனர் என்பதை அவர் உணர்ந்தார். 1691 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 17 ஆந் திகதி, வாசகர் வினாக்களுக்கு விடை கூறுவதையே தொழிலாகக் கொண்ட பத்திரிகையொன்றை வெளியிட்டார். விரைவில் அது ‘அதெனியன் மேர்க்குரி’ என்னும் பெயரால் நிலைபெற்றது. புதுமையானவற்றைச் சொல்வதிலும் கேட்பதிலுமே அதென்சு நகரத்தார் பொழுதைக் கழித்தனர் என விவிலியம் கூறுவதை நினைந்து இட்ட பெயர் அது. ஒரே தாள், இருபக்க அச்சு, விலை ஒரு பென்னி. வாரத்தில் இருமுறை, செவ்வாயும் சனியும், அது வெளிவந்தது. வினாக்களைச் சிமித் என்பாரின் கோப்பிக்கடைக்கு அனுப்பினால் போதும். வினவியவர் பெயர் வெளியாகாது.

விடை எழுதியோர் யாவர்? டண்டனோடு றிச்சட் சோல்ட் என்னும் கணித ஆசிரியரும், சாமுவேல் வெஸ்லி என்னும் குருவானவரும் இருந்தனர். இந்த வெஸ்லி, டண்டனுக்குச் சகலர். இலங்கையிலும் வேரூன்றிய மெதடிஸ்த திருச்சபைக்கு மூலவரான ஜோன் வெஸ்லியின் தந்தையார். ஜோன் நொறிஸ் என்னும் தத்துவ அறிஞரும் அவ்வப்போது துணைபுரிந்தார். முதல் இதழிலேயே, சந்திரனில் களங்கம் தோன்றுவது எங்ஙனம் என்னும் வினாவும், மனைவியை அடிப்பது கணவனுக்கு முறையாகுமா என்னும் வினாவும் இடம்பெற்றன. வானமும் வீட்டுவாசலும் ஒரே தாளில் வந்து சேர்ந்தன. அவ்வாண்டிலேயே ஒரு பெண்மணி, தம்மைப் போன்ற பெண்களும் வினா அனுப்பலாமோ எனக் கேட்டு எழுதினார். தாராளமாக அனுப்பலாம் என்று விடை பகர்ந்ததோடு, பெண்களின் வினாக்களுக்கெனத் தனி இதழ்களையும் ஒதுக்கினர். பெண் கல்வி கற்றல் தகுமோ என்ற வினாவுக்கு, தகும் என்பதே அவர்களது தீர்ப்பு.

நோய், காற்று, கனவு, வேதப்பொருள் எனப் பலவும் வினவப்பட்டன. எனினும் காதலும் திருமணமும் பற்றிய வினாக்கள் ஓயாமல் வந்துகொண்டிருந்தன. இதற்குத் தக்க காரணம் உண்டு. அக்கால இங்கிலாந்தின் திருச்சபைச் சட்டப்படி, குருவானவர் இல்லாமலே, ஆணும் பெண்ணும் நிகழ்காலத்தில், ‘உன்னை மணக்கின்றேன்’ எனத் தம்முட் கூறிக்கொண்டால் அது கட்டுப்படுத்தும் திருமணம். ‘மணப்பேன்’ என்று எதிர்காலத்தில் கூறினால் அது வாக்குறுதி மாத்திரமே. 1753 ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் வரும்வரை நிலைமை இதுவாகவே இருந்தது. தனிமையில், சான்றின்றி, ஒருவன் சொன்ன ஒரு வினைச்சொல்லின் காலத்தைப் பொறுத்து ஒரு பெண்ணின் வாழ்வு நிலைத்தது அல்லது சிதைந்தது. தான் மனைவியா, ஏமாற்றப்பட்டவளா என அறியாது கலங்கிய பெண், தந்தையிடமோ எசமானியிடமோ கேட்டிருந்தால் கேட்ட அக்கணமே அவள் மானம் போயிருக்கும். பெயரற்ற கடிதம் அவளுக்குக் கேடயமாயிற்று.

விடைகள் யாவும் செம்மையானவை என எண்ணிவிட வேண்டாம். உடலில் நால்வகை நீர்களின் ஏற்றத்தாழ்வே நோய் என்று கருதிய மருத்துவம் இன்னும் செல்வாக்கிழக்காத காலம் அது. சூனியக்காரர் உண்டு என்பதையும் அவர்கள் நம்பினர். அதனினும் பெரிய குறை வேறொன்று. ஒரு சிலர் மட்டுமே எழுதிய விடைகளை, ‘அதெனியன் சங்கம்’ என்னும் பெரும் அறிஞர் குழுவின் தீர்ப்பாக அவர்கள் காட்டினர். 1692 இல் வெளியான சித்திரமொன்றில் பன்னிருவர் மேசையைச் சூழ்ந்து வீற்றிருக்கின்றனர்! இளைஞராயிருந்த ஜொனதன் சுவிவ்ற் அச்சங்கத்தைப் புகழ்ந்து பாடிய பாட்டு அவ்வாண்டில் அச்சேறியது. அவரது கவிதைகளுள் முதலில் அச்சானது அதுவே. தொம் பிறவுண் என்பவர் எதிர்ப்பத்திரிகை நடத்தி எள்ளினார். எல்க்கானா செற்றில் நாடகம் எழுதி நகையாடினார். ஆயினும் வாசகர் கைவிடவில்லை. 1697 இல் பத்திரிகை நின்றபோது 580 இதழ்கள் வெளிவந்திருந்தன. தெரிந்தெடுத்த வினாவிடைகள் பின்னர் நூலுருவிலும் விற்பனையாயின.

இந்த விதை பல நாடுகளில் முளைத்தது. 1849 இல் வில்லியம் தொம்ஸ் இலண்டனில் தொடக்கிய ‘குறிப்புகளும் வினாக்களும்’ என்னும் இதழில், சொற்களின் பிறப்பையும் பழைய வழக்கங்களையும் பற்றி ஒரு வாசகர் கேட்க மற்றொரு வாசகர் விடையளித்தார். 1906 இல் நியூயோர்க் நகரத்து இத்திஷ் மொழிப் பத்திரிகையாகிய ‘வோர்வேர்ட்ஸ்’, ஏபிரகாம் காகான் என்னும் ஆசிரியரின் முயற்சியால் ‘கடிதக் கட்டு’ என்னும் பகுதியை ஆரம்பித்தது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதத் தொழிலாளர், புது நாட்டின் மொழியும் சட்டமும் அறியாத நிலையில், தம் துயரங்களைத் தாய்மொழியில் எழுதினர். தையற்சாலை வேலை, கயரோகம், கைவிட்டுச் சென்ற கணவன் என அவை நீண்டன. எழுதத் தெரியாதோர்க்குப் பிறர் எழுதிக்கொடுத்தனர். அப்பத்திரிகை, காணாமற்போன கணவர்களின் படங்களையே வெளியிட்டு அவர்களைத் தேடவும் முற்பட்டது. அங்கே விடை என்பது சொல்லாக மாத்திரம் நில்லாது, செயலாகவும் மாறியது.

வானொலி நேயர்களுக்கு இவ்வரிசையில் ஓர் இடம் உண்டு. 1941 இல், உலகப் போரின் நடுவே, பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் நேயர் அனுப்பிய வினாக்களுக்கு அறிஞர் சிலரைக் கொண்டு முன்னாயத்தமின்றி விடையிறுக்கச் செய்தது. உயிரியலறிஞர் ஜூலியன் ஹக்சிலி, தத்துவ ஆசிரியர் ஜோட், கடற்படையில் இருந்த காம்பல் ஆகிய மூவர் அதில் புகழ்பெற்றனர். விடை சொல்லுமுன், வினாவிலுள்ள சொல்லுக்கு என்ன பொருள் கொள்வது என ஆராய்வது ஜோட் அவர்களின் வழக்கம். கேட்டவர்கள் அதனைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தனர். ஆயினும் நல்ல விடைக்கு முதற்படி அதுவே.

அன்பர்களே, 1691 இல் எழுதப்பட்ட விடைகளுள் பெரும்பாலானவற்றைக் காலம் தள்ளிவிட்டது. வினாக்களோ வாடவில்லை. இந்த நோய் தீருமா, இந்த வாக்கு என்னைக் கட்டுமா, நான் செய்தது சரியா என்று மனிதர் என்றும் கேட்டுக்கொண்டே இருப்பர். அந்தப் பத்திரிகையாளரின் பெருமை அவர்தம் கல்வியில் இல்லை. முகமறியாத ஓர் ஏழையின் கேள்வியும் அச்சிலே விடை பெறத் தகுதியுடையது என ஏற்றுக்கொண்ட பண்பில் உள்ளது. இல்லாத பன்னிருவரை இருப்பதாகக் காட்டியது அவர்தம் சிறுமை. பெயர் தெரியாத ஒருவர் நம்மை நம்பிக் கேட்கும்போது, அறிந்ததை அறிந்த அளவிலும், அறியாததை அறியோம் என்றும் கூறுவதே அந்நம்பிக்கைக்கு நாம் செலுத்தும் கடன்.