சயரோகமும் சென்னைப் பரிசோதனையும்

மூச்சின் வழியே பரவும் நோய்களுள் மக்களினத்தை நெடுங்காலம் வருத்தி வந்தது சயரோகமாகும். நோயாளி இருமும்போது வெளிப்படும் நுண்துளிகளிற் கிருமிகள் கலந்து, அருகிலிருப்போரின் சுவாசப்பையை அடைகின்றன. ஆகவே, நோயுற்றவனைக் குணப்படுத்துவது எவ்வாறு, அவனைச் சூழ்ந்தோரைக் காப்பது எவ்வாறு என்னும் இரு வினாக்கள் வைத்திய உலகின்முன் நின்றன. இவ்விரண்டும் வெவ்வேறென்றே பலரும் கருதினர். அவை உண்மையில் ஒன்றே என்பது சென்னை மாநகரின் நெருக்கமான ஏழைக் குடியிருப்புக்களிலேதான் நிலைநாட்டப்பட்டது. அவ்வரலாற்றினை ஈண்டு நோக்குவாம்.

1882 ஆம் ஆண்டு மார்ச் 24 ஆந் திகதி, பேர்லின் நகரில், றொபேட் கொக் என்னும் விஞ்ஞானி இந்நோய்க்குக் காரணமான கிருமியைத் தாம் கண்டறிந்தமையை அறிவித்தார். நோய் தொற்றுவதென்பது ஐயமற விளங்கிற்று; ஆயினும் மருந்து கிடைத்திலது. தூய காற்று, ஓய்வு, நல்லுணவு ஆகியவற்றை அளிக்கும் ஆரோக்கியசாலைகளே அக்காலத்துப் புகலிடங்களாயிருந்தன. நோயாளி மனைவி மக்களைப் பிரிந்து மாதக்கணக்காக, சிலவேளை ஆண்டுக்கணக்காக, அங்கே தங்கினான். சிகிச்சையும் அதுவே, பிறர்க்குக் காவலும் அதுவே. வறியவர்க்கோ அங்கு இடங் கிடைப்பது அரிதாயிருந்தது.

1943 இல் அமெரிக்காவில், வாக்ஸ்மன் என்பாரின் ஆய்வுகூடத்தில், ஸ்ரெப்ரோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. அதனைத் தனியே கொடுத்தபோது கிருமிகள் அதனை எதிர்க்கும் வலிமை பெற்றன. பி.ஏ.எஸ். என்னும் மருந்தும், 1952 இல் ஐசோனியசிட்டும் பயனுக்கு வந்தபின், இரு மருந்துகளைச் சேர்த்து வழங்கி அவ்விடரை வைத்தியர் வென்றனர்.

இந்நிலையிற் புதியதொரு வினா எழுந்தது. மருந்து கையிலிருக்க, நோயாளியை வீட்டினின்றும் பிரித்தல் வேண்டுமா? ஓய்வும் ஊட்டமுமின்றி நோய் தீராது என்றும், வீட்டிலிருத்தினாற் பிள்ளைகளுக்குத் தொற்றுமென்றும் பலர் அஞ்சினர். இந்தியாவிலோ நோயாளர் தொகைக்கும் படுக்கைத் தொகைக்கும் சிறிதும் பொருத்தமில்லை.

விடை காண்பதற்காக 1956 இல் சென்னை சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார தாபனம், பிரித்தானிய வைத்திய ஆராய்ச்சிச் சபை ஆகியன அதனை ஆதரித்தன. டாக்டர் வலஸ் பொக்ஸ் தலைமை தாங்கினார். 193 நோயாளர் தெரிவுசெய்யப்பட்டு, எவருடைய விருப்புவெறுப்புக்கும் இடமின்றித் தற்செயல் முறையில் இரு பிரிவினராக வகுக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் வீட்டிலும், மற்றவர் ஆரோக்கியசாலையிலும் ஓராண்டு ஒரே மருந்துகளை உட்கொண்டனர். 1959 இல் முடிவு வெளியாயிற்று. வீட்டிலிருந்தோருள் நூற்றுக்கு 86 பேரிலும், ஆரோக்கியசாலையிலிருந்தோருள் 92 பேரிலும் நோய் தணிந்திருந்தது. வீட்டிலிருந்தோர் குறைந்த உணவுண்டு, கூடுதலாக உழைத்தவர்கள் என்பதை நோக்கின் இவ்வேறுபாடு சிறிதே. ஐந்தாண்டுகளின்பின் இரு பிரிவினரும் ஏறக்குறையச் சமநிலை எய்தினர்.

இதனினும் வியப்பூட்டுவது பிறிதொன்று. வீட்டில் நோயாளியுடன் வாழ்ந்த உறவினர்க்கு, நோயாளியைப் பிரிந்திருந்த குடும்பத்தினரிலும் கூடுதலான தீங்கு நேரவில்லை. பெரும் ஆபத்து சிகிச்சை தொடங்குமுன்னரே நிகழ்ந்துவிடுகிறது. மருந்து செல்லத் தொடங்கியதும் தொற்றும் ஆற்றல் விரைவிற் குன்றுகிறது. எனினும் மருந்து ஒழுங்காக உட்கொள்ளப்படுதல் வேண்டும். இதனையறிந்த ஆய்வாளர், முன்னறிவித்தலின்றி வீடுகளுக்குச் சென்றும் சிறுநீரைச் சோதித்தும் நோயாளரைக் கண்காணித்தனர்.

தடுப்பூசி வரலாறும் இவ்வுண்மையையே வலியுறுத்துகின்றது. 1921 இல் பாரிஸ் நகரில் முதன்முதல் மனிதர்க்கு வழங்கப்பட்ட பி.சி.ஜி., குழந்தைகளை மூளைச்சவ்வைத் தாக்கும் கொடிய சயரோகத்தினின்றும் காக்கிறது. ஆயினும், 1968 இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பெரும் பரிசோதனையில், வளர்ந்தோரின் சுவாசப்பைச் சயரோகத்தை அது தடுக்கவில்லை என்பது புலனாயிற்று.

இவற்றால் நாம் அறிவது யாது? காற்றோட்டமும் தடுப்பூசியும் வேண்டற்பாலனவே. ஆனால், நோயுற்றவனை விரைவிற் கண்டு, மருந்தை இடையறாது கொடுத்து முடிப்பதே அவன் அயலவர்க்கும் சிறந்த காவலாகும். நோயாளியை ஒதுக்கின் அவன் தன் நோயை மறைப்பான். மறைத்த நோயே பரவும். அவனைப் பேணுதல் கருணை மட்டுமன்று, நம்மைக் காக்கும் அறிவுமாம்.