தங்கம் தேடப்போய்க் கிடைத்த ரோதை

கலிபோர்னியா மலைகளில் தங்கம் கிடைக்கிறது என்று உலகமே ஓடிய காலம். 1850-ல் அமெரிக்காவின் ஒஹாயோவிலிருந்து லெஸ்டர் பெல்டன் என்ற இளைஞரும் கிளம்பிப் போனார். தங்கம் அவருக்குக் கைகொடுக்கவில்லை. தச்சு வேலை பார்த்தார். பிறகு சுரங்கக்காரர்களுக்கு நீர்ச்சக்கரம் செய்துகொடுக்கும் தொழிலில் இறங்கினார். 1870-களில் ஒருநாள், சுழன்றுகொண்டிருந்த சக்கரம் ஒன்று அச்சில் சற்றே நழுவிவிட்டதாம். கிண்ணத்தின் நடுவில் அடிக்க வேண்டிய நீர் ஓரத்தில் அடித்தது. சக்கரம் நின்றுவிடும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். நடந்ததோ வேறு.

அது முன்னைவிட வேகமாகச் சுழன்றது! நடுவில் விழுந்த நீர் வந்த வழியே திரும்பித் தெறித்து, பின்னால் வரும் நீரோடு மல்லுக்கட்டி வலுவை இழந்துகொண்டிருந்தது. ஓரத்தில் விழுந்த நீர் வளைந்து வெளியேறி, தன் வேகத்தில் பெரும்பகுதியைச் சக்கரத்துக்கே கொடுத்தது. பெல்டன் ஒவ்வொரு கிண்ணத்தையும் நடுவில் ஒரு வரப்பு வைத்து இரண்டாகப் பிரித்தார். 1880-ல் காப்புரிமை கிடைத்தது. 1883-ல் கிராஸ் வேலியில் நடந்த போட்டியில் அவருடைய சக்கரம், நீரின் வலுவில் 90 சதவீதத்துக்கும் மேல் கறந்து, எதிராளிகளை வெகுதூரம் பின்தள்ளியது. உயரத்திலிருந்து கொஞ்சமாக விழும் நீருக்கென்றே பிறந்த சக்கரம் அது. அப்படிப்பட்ட நீர் தாராளமாக இருந்த ஒரு தீவில், அதே காலத்தில், பெருந்தோட்ட முதலாளிகள் திண்டாடிக்கொண்டிருந்தார்கள்.

1869-ல் இலங்கைக் கோப்பிச் செடிகளில் துரு நோய் விழுந்தது. காலப்போக்கில் கோப்பி மடிய, தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. 1884-ல் ரயில் ஹட்டனுக்கு ஏறி வந்தது. ஆனால் கோப்பிக்கு இல்லாத ஒரு பசி தேயிலைக்கு உண்டு. வாடிய கொழுந்தை முறுக்க ரோலர் வேண்டும், ரோலரைச் சுற்ற இடைவிடாத வலு வேண்டும். விறகை எரித்துக் கட்டுப்படியாகவில்லை. துரைமார் ஜன்னலைத் திறந்தார்கள். எதிரே அருவி விழுந்துகொண்டிருந்தது.

பெல்டன் சக்கரங்களும் மற்ற டர்பைன்களும் கப்பலேறி வந்தன. மலைநாட்டில் ஸ்டோர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலைகளில் நூற்றுக்கணக்கான சிறு நீர்மின் அமைப்புகள் முளைத்தன. ஓடையை மறித்து, கான் வெட்டி, இரும்புக் குழாயை மலைச்சரிவில் இறக்கியது தொழிலாளியின் கை. ராட்சத வேகத்தில் சுழலும் அந்தச் சக்கரத்தைத் தொழிலாளர்கள் ரோதை என்றார்கள். அதற்குப் பயந்தும் பணிந்தும் அவர்கள் ஸ்டோர் அருகே ஒரு சாமியையே வைத்துக் கும்பிட்டார்கள். அவர்தான் ரோதை முனி. ஸ்டோரில் பல்பு எரிந்தது. துரை பங்களாவிலும் எரிந்தது. தொழிலாளர் குடியிருந்த லயத்துக் காம்பராவில் மட்டும் குப்பி விளக்கு. அதை மாற்றக்கூடிய ஒரு மனிதர் அந்த மலைக்கு வந்தார், வேறொரு வேலையாக.

அதுவும் தங்க வேலைதான். கெஹெல்கமு ஓயா, மஸ்கெலியா ஓயாப் பக்கம் தங்கம் இருக்கிறதா என்று பார்க்க அனுப்பப்பட்டவர் டி. ஜே. விமலசுரேந்திர என்ற சிங்களப் பொறியியலாளர். எடுக்கிற அளவுக்குத் தங்கம் இல்லை. அபர்டீன், லக்ஷபான அருவிகளைப் பார்த்ததும் அவருக்குக் கணக்கு வேறுவிதமாக ஓடியது. 1918-ல், இந்த நீரைக்கொண்டே நாட்டுக்கு மின்சாரம் கொடுக்கலாம் என்று ஆய்வுரை படித்தார். காலனி அரசு உடனே அசையவில்லை. பிறகு தொடங்கிய வேலையும் பணமில்லை என்று 1920-களில் நின்றது. சலித்துப்போனவர் வேலையை விட்டு, 1931-ல் அரசாங்க சபைக்கே தேர்வாகி அங்கேயும் அதே பேச்சைப் பேசினார். 1950-ல் லக்ஷபான மின்நிலையம் ஓடத் தொடங்கியபோது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. கனவு பலித்தது. அதற்கான விலையை வேறு யாரோ கொடுக்க வேண்டியிருந்தது.

காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குத் தேயிலை மலைகள் போயின. மவுசாகலை நீர்த்தேக்கத்துக்குப் பழைய மஸ்கெலியா நகரமே போயிற்று. கடும் வறட்சியில் நீர் வற்றினால் மூழ்கிய கோயில்களின் இடிபாடுகள் இன்றும் தலைகாட்டும். மின்சாரம் கம்பி வழியே கொழும்புக்கு இறங்கியது. அணையைச் சுற்றியிருந்த லயங்களில் குப்பி விளக்கு தொடர்ந்தது. மலிவான கம்பி மின்சாரம் ஸ்டோர்களுக்கு வந்ததும் பழைய ரோதைகள் ஒவ்வொன்றாக நின்று துருப்பிடித்தன. கதை அதோடு முடிந்திருக்கும், 1973-ல் அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயைத் திருகாமல் இருந்திருந்தால்.

எண்ணெய் விலை ஏறியதும் துருப்பிடித்த சக்கரங்கள் திரும்பவும் கண்ணில் பட்டன. 'சிறியதே அழகு' எழுதிய ஷூமாக்கர் தொடங்கிய இடைநிலைத் தொழில்நுட்பக் குழு, தோட்டத்து ரோதைகளைப் பழுதுபார்க்க இலங்கைக்கு வந்தது. பழுது பார்த்தபோது ஒரு யோசனை எழுந்தது: ஸ்டோரைச் சுற்றக்கூடிய நீர் ஒரு ஊருக்கு விளக்கேற்றாதா?

ஜெனரேட்டர் வாங்க ஊரிடம் பணமில்லை. சாதாரண மோட்டாரையே நீரால் சற்றுக் கூடுதல் வேகத்தில் சுழற்றி, கெப்பாசிட்டர் பூட்டினால் அது மின்சாரம் தரும் என்பது கைகொடுத்தது. அடுத்த தலைவலி இரவு ஒன்பது மணிக்கு. ஊர் விளக்கை அணைத்ததும் சுமை குறையும், சக்கரம் வெறிபிடித்து ஓடும், எரிந்துகொண்டிருக்கும் மிச்ச பல்புகள் பட்டென்று போகும். ஒருவர் இரவு முழுக்க வால்வோடு உட்கார முடியுமா? மிஞ்சிய மின்சாரத்தைத் தானாகவே ஒரு ஹீட்டருக்குத் திருப்பிவிடும் சிறிய பெட்டி வந்தது. சக்கரம் அடங்கியது. பெரிய கேள்வி மட்டும் மிச்சம்: இது யாருக்குச் சொந்தம்?

விடையாகப் பிறந்ததுதான் மின் நுகர்வோர் சங்கம். ஊரார் சிரமதானத்தில் அணை கட்டி, கான் வெட்டினார்கள். வீட்டுக்கு இவ்வளவு வாட் என்று பங்கு பிரித்து, மாதக் கட்டணத்தைத் தாங்களே வசூலித்தார்கள். 1997-ல் உலக வங்கித் திட்டம் வந்ததும் சங்கத்தின் பேரிலேயே வங்கிக் கடன் கிடைத்தது. கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் கிராமத்து நீர்மின் நிலையங்கள் பெருகின. ஊருக்குச் சொந்தமான குட்டி மின்நிலையம் என்று இன்று சாதாரணமாகச் சொல்லப்படுவது, இரண்டு தங்கத் தேடல்களும் ஒரு எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்து பெற்ற பிள்ளை.

பின்னர் தேசிய மின்கம்பி ஏறத்தாழ நாடு முழுவதையும் எட்டியதும் பல சங்கங்கள் கலைந்தன. சில மட்டும் அந்தக் கம்பிக்கே மின்சாரம் விற்கப் பழகின.

ஆனால் ரோதை முதலில் சுழன்ற தோட்டங்களில் இந்தப் பிள்ளை அதிகம் தவழவில்லை. லயமும் அது நிற்கும் நிலமும் தோட்டத்துக்குச் சொந்தம்; ஓடையை மறிக்கவும் கான் வெட்டவும் சங்கத்துக்கு இடம் எங்கே? 1996-ல், தனியார் கட்டித் தேசிய வலையில் இணைத்த ஆரம்பகாலச் சிறு நிலையங்களில் ஒன்று டிக்கோயாவில், ஹட்டனுக்குப் பக்கத்திலேயே வந்தது. அதன் வருமானம் முதலீட்டாளருடையது.

அதே 1990-களில்தான் பெருந்தோட்டக் கம்பனிகள் தனியார்மயமானபோது, 10 சதவீதப் பங்குகள் ஊழியருக்கென்று ஒதுக்கப்பட்டன. தேயிலையில் பத்தில் ஒரு பங்கைக் கொடுக்கத் தெரிந்த நாட்டுக்கு, அந்தத் தேயிலையின் நடுவே ஓடும் ஆற்றில் ஒரு பங்கைக் கொடுக்கத் தெரியாமலா போகும்?